கோண்ட் சாமியின் பூசாரியோடு ஒரே குழுவில் ஆடிய கதை

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. அதில் கோண்ட் என்ற சாமியைக் கும்பிடும் கேரக்டரோடு ஆடியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று இந்த இழையில் கேட்டால் எல்லோரும் துப்பாக்கி, வெடிமருந்து என்றே ஆரம்பிக்கிறீர்கள். சரி, அதுவும் நல்ல கதைதான். ஆனால் எனக்கு அந்த மதத்தில் பிடித்ததே செய்ததைப் போட்டு உடைக்கும் சடங்குதான்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாக: இந்த விளையாட்டின் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகில் கொல்லுப்பட்டறை, கைவினை, புதுக் கண்டுபிடிப்பு எல்லாவற்றுக்கும் சாமி கோண்ட். சின்னம் ஒரு பல்சக்கரம். அறிவுக்கடவுளான ஓக்மாவுக்குக் கீழே இருப்பவர். பூசாரிகளின் உடை காவி நிறம், கழுத்துப்பட்டை சிவப்பு, குறுக்கே போட்ட தோல்பட்டையில் பூட்டு, சின்னச் சின்னப் பல்சக்கரம், கருவிகள் என்று என்னென்னவோ தொங்கும். எங்கள் குழுவில் இந்தப் பூசாரியை ஆடிய நண்பன் அந்தப் பட்டையில் என்னென்ன இருக்கிறது என்று கேரக்டர் ஷீட்டின் (கேரக்டரின் விவரம் எழுதும் தாள்) பின்பக்கம் முழுக்க எழுதி வைத்திருந்தான். மந்திரப் பட்டியல் கூட அவ்வளவு நீளம் இல்லை.

அந்தச் சடங்குக்கு வருகிறேன். 1996இல் வந்த 'ஃபெய்த்ஸ் அண்ட் அவதார்ஸ்' விதிநூலில் இருக்கிறது. கோண்டின் பூசாரி இதுவரை பார்க்காத ஒரு பொறியையோ கருவியையோ கண்டால் அதைப் போல இரண்டு பிரதி செய்ய வேண்டும். ஒன்றைத் திருடர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்து, பிறகு சக பூசாரிகளுக்குக் காட்ட வேண்டும். இன்னொன்றைப் பிரார்த்தனை சொல்லிக்கொண்டே நொறுக்க வேண்டும், முடிந்தால் எரிக்க வேண்டும். செய்யப்பட்ட பொருள் எதுவானாலும் அதன் மேல் கோண்டுக்கு உரிமை உண்டு என்று ஒப்புக்கொள்கிற காணிக்கை அது.

எங்கள் ஆட்டத்தில் இது வந்த இடம் ஒரு பாழடைந்த கோட்டை. கதவைத் திறந்தால் மேலிருந்து அம்பு விடும் ஒரு பொறி. எங்கள் திருடன் அதைச் செயலிழக்க வைத்துவிட்டு நடையைக் கட்டப் பார்த்தான். பூசாரி நகரவே மாட்டேன் என்றான். கதவில் தரையோடு தரையாக ஓடிய கம்பி, அது போய்ச் சுற்றிய உருளை, உருளையைப் பிடித்து நிறுத்திய சின்னக் கொக்கி, ஒவ்வொன்றையும் டிஎம்மிடம் (ஆட்டக் கதையை நடத்துபவர்) கேட்டுக் கேட்டு வரைகிறான். டிஎம்மும் சளைக்கவில்லை. "தாராளமாக வரை, ஆனால் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்கிறது" என்று சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட ஆரம்பித்துவிட்டார். கோப்ளின் கூட்டத்தோடு சண்டை போட்டு முடித்து, அன்றிரவு முகாமில், எங்கள் போர்வீரனின் உபரி வில்லைப் பிரித்து எடுத்த எஃகில் இரண்டு பிரதியும் தயார். ஒன்றைச் செய்து முடித்த கையோடு கல்லில் வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. வில்லுக்குச் சொந்தக்காரன் எழுந்தே விட்டான், ஆட்டத்திலும் சரி, நிஜத்திலும் சரி.

எனக்கு அப்போதுதான் இந்த மதம் பிடிபட்டது. பெரும்பாலான மேசைகளில் கிளெரிக், அதாவது பூசாரி கேரக்டர் என்றால் காயத்துக்கு மருந்து போடும் ஆள், சாமி பெயர் ஷீட்டின் மூலையில் சும்மா கிடக்கும். இவனுக்கோ பக்தி என்பது நேரம், இரும்பு, கூட இருப்பவர்களின் பொறுமை என்று மூன்றையும் தின்கிற சமாச்சாரம். டிஎம் அதற்கு வெகுமதியாக எந்த போனஸும் தரவில்லை, அது இன்னும் நல்லது. ஒளித்து வைத்த பிரதியை அடுத்த ஊர்க் கோயிலில் காட்டியபோது அங்கிருந்த கிழட்டுப் பூசாரி, "கொக்கியை இந்தப் பக்கம் வைத்தால் விரல் மாட்டாது" என்று திருத்திக் கொடுத்தார், அவ்வளவுதான். கண்டதையெல்லாம் குறித்து வை, பின்னால் வருபவன் அதை மேம்படுத்தட்டும் என்பதுதானே அவர்கள் வேதமே.

இதே இழையில் மேலே ஒருவர், அதே உலகில் நடக்கும் பால்டர்ஸ் கேட் 3 வீடியோ கேமில் வரும் கோண்ட் பக்தர்களான கோண்டியர்களைத் திட்டியிருக்கிறார். திட்டலாம், தப்பில்லை. ஸ்டீல் வாட்ச் என்ற இரும்புக் காவல் இயந்திரங்களை அவர்கள் செய்யும் ஃபவுண்டரிக்குக் காப்பாற்றப் போனால் நேராக அந்த இயந்திரத்தின் காலடிக்கே ஓடுகிறார்கள், அது வீழ்ந்ததும் வெடிக்கும் என்பது அதைச் செய்தவர்களுக்கே தெரியாதா என்ன? ஆனால் அந்தக் கதை எனக்கு வேறு காரணத்துக்காக மனதில் நின்றது. கோண்டின் முதல் போதனையே எண்ணம் வேறு, செயல் வேறு, விளைவுதான் கணக்கு என்பது. குடும்பத்தைக் கடலடிச் சிறையில் பிணையாக வைத்து மிரட்டியதால்தான் செய்தார்கள், வாஸ்தவம். ஆனால் அவர்கள் சாமியின் தராசிலேயே வைத்துப் பார்த்தால் அந்தச் சமாதானம் எடுபடாது, நகரத் தெருவில் நடமாடும் இரும்புக் காவலன்தான் விளைவு. கோண்ட் நல்ல சாமியும் இல்லை, கெட்ட சாமியும் இல்லை, நடுநிலை. இதை வைத்து எங்கள் பூசாரியும் டிஎம்மும் ஒரு செஷன் முழுக்கச் சண்டை போட்டார்கள். இன்னும் தீரவில்லை.

வெடிமருந்து விஷயம் இரண்டே வரி. அந்த உலகின் ஆண்டுக் கணக்கான டேல்ரெக்கனிங்கில் 1358ஆம் ஆண்டு கிட்டத்தட்ட எல்லாக் கடவுள்களும் பூமிக்குத் தள்ளப்பட்டபோது கோண்ட் ஒரு நோம் (ஒரு குள்ள இனம்) உருவத்தில் லாண்டன் தீவில் ஒதுங்கினார், அடைக்கலம் கொடுத்தவர்களுக்கு ஸ்மோக்பவுடர் என்ற வெடிமருந்தின் ரகசியத்தைச் சொல்லிக்கொடுத்தார். நோம்கள் அவரை நெபலுன் என்ற பெயரில் தங்கள் ஆள் என்றே கொண்டாடுகிறார்கள், குழுவில் ஒரு நோம் கேரக்டர் இருந்தால் இதைக் கிளப்பிவிட்டு வேடிக்கை பாருங்கள்.

டிஎம்களுக்கு ஒரு வேண்டுகோள். கோண்ட் பக்தன் வந்தால் துப்பாக்கி கொடுக்கலாமா வேண்டாமா என்று மட்டும் மண்டையைப் போட்டு உடைக்காதீர்கள். கிரீன்கிராஸ் என்ற வசந்த விழா முடிந்ததும் வரும் 12 நாள் இப்பென்ஷெய்ர் திருவிழாவை ஒரு செஷனாக வையுங்கள். பூசாரிகள் கூடித் தங்கள் புதுச் சரக்கை ஒருவருக்கொருவர் காட்டுவார்கள், பொறாமை, ஒட்டுக்கேட்பு, வரைபடத் திருட்டு என்று கதை தானாக ஓடும். எங்கள் ஆள் அந்தக் கதவுப் பொறியைத் திருத்தி எடுத்துப்போக ஆசைப்படுகிறான். எஃகுக்கு இந்த முறை யார் வில்லைப் பிரிப்பது என்றுதான் பேச்சுவார்த்தை நடக்கிறது.