நித்யா கல்யாணக் குழு: புள்ளிப் பாவாடை விவகாரம்

லதா சித்தி: நித்யாவின் மாட்ரிட் ஆபீஸ்காரர்கள் ஆறு பேர் ரிசப்ஷனுக்கு வருகிறார்கள். நம் பெண்கள் எல்லாரும் சிவப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஃப்ளமெங்கோ கவுன் (ஸ்பெயின் டான்ஸ் டிரெஸ்), கொண்டையில் பூ. வாடகைக்குப் பார்த்துவிட்டேன். சம்மதம் என்றால் 👍

பிரியா: 👍

கார்த்தி: எனக்குக் காளை வேஷமா சித்தி?

சுந்தரம் பெரியப்பா: லதா, அவசரப்படாதே. ஸ்பெயின் டைரக்டர் பெர்லாங்கா 1953இல் இதைப் படமாகவே எடுத்துவிட்டார், ‘பியென்வெனிதோ, மிஸ்டர் மார்ஷல்’. அமெரிக்கர்கள் மார்ஷல் உதவியோடு (உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவுக்கு அமெரிக்கா கொடுத்த பணம்) வருகிறார்கள் என்று, நடு ஸ்பெயினில் ஒரு காஸ்தீல் கிராமமே தெற்கு ஸ்பெயினின் அந்தலூசியா வேஷம் கட்டும். அகலத் தொப்பி, புள்ளிப் பாவாடை, வீட்டுக்கு முன்னால் போலிச் சுவர். அதெல்லாம் தெற்கத்தி உடை. அந்தக் கிராமத்துக்குச் சம்பந்தமே இல்லை.

மீனா அத்தை: இலை எத்தனை என்று காலையிலிருந்து கேட்கிறேன்.

சுந்தரம் பெரியப்பா: தொடர்ச்சி. ஸ்பெயின் சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்து சினிமாவில் உள்ளூருக்குக் காட்ட வீரமும் தியாகமும். 1942இல் வந்த ‘ராஸா’ படத்தின் கதை ஃபிராங்கோவே புனைபெயரில் எழுதியது. பிறகு அமெரிக்காவின் தயவு தேவைப்பட்டதும், கை நீட்டும் பாசிச சல்யூட்டை வெட்டிவிட்டு 1950இல் வேறு பெயரில் விட்டார்கள். வெளியூர்க்காரனுக்குக் காட்ட காளையும் கிதாரும் பாவாடையும். பெர்லாங்கா கிண்டல் செய்தது இதைத்தான்.

கார்த்தி: அமெரிக்கர்கள் வந்தார்களா இல்லையா?

சுந்தரம் பெரியப்பா: வந்தார்கள். கார் நிற்கவே இல்லை, புழுதிதான் மிச்சம். நிஜத்திலும் ஸ்பெயினுக்கு மார்ஷல் பணம் கிடையாது. டிராக்டர் பாராசூட்டில் இறங்குவதாக ஒரு விவசாயி கனவு வேறு கண்டிருப்பான். கடைசியில் வேஷச் செலவை ஊரே கையிலிருந்து கொடுத்து அடைக்கும்.

பிரியா: நியூஜெர்சி சம்பந்திக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடித்த மாதிரி 😂

மீனா அத்தை: அதைக் கிளறாதே. அந்த ஏசிக்கு இன்னும் தவணை போகிறது.

லதா சித்தி: நான் 3000 அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

சுந்தரம் பெரியப்பா: யார் பணம்?

லதா சித்தி: நெட்வொர்க் சரியில்லை.

நித்யா: இப்போதுதான் பார்த்தேன். சித்தி, ஆறு பேரில் மூன்று பேர் காலீசியா, ஒருத்தி பாஸ்க், இரண்டுமே வடக்கு ஸ்பெயின். காலீசியாவில் பேக்பைப்தான் ஊதுவார்கள். எல்லாருக்கும் பட்டுப்புடவை வேண்டுமாம். யார் கட்டிவிடுவீர்கள்?

பிரியா: ஆண்களுக்குமா?

லதா சித்தி: அப்போ கவுன்?

கார்த்தி: 👍 மூன்று விழுந்திருக்கிறது. ஒன்று பெரியம்மாவுடையது.

சுந்தரம் பெரியப்பா: அவள் கண்ணாடி போடாமல் அழுத்தியிருப்பாள்.

பெரியம்மா: போட்டுக்கொண்டுதான்.

மீனா அத்தை: இலை??