செம்புக் கம்பி நனைந்த நூலைப் போலத் தொங்குகிறது, உதவுங்கள்

மின்மினி: கணினியில் உருவகப்படுத்தும் கம்பி இது: மேசை விளிம்பில் ஒரு முனையைப் பொருத்திய செம்புக் கம்பி. வளைத்தால் வளைந்தபடியே நிற்க வேண்டும். இதுவோ சரிந்து தொங்குகிறது. விறைப்பை உச்சத்தில் வைத்தாயிற்று. நாளை மாலை காட்டியாக வேண்டும்.

வடகரை: எந்த முறை? கம்பியை எத்தனை கணுக்களாக, அதாவது புள்ளிகளாக, பிரித்திருக்கிறீர்கள்? வளைவுக்கு என்ன கட்டுப்பாடு?

தறி: நேரடி ஆய்லர்தான் (இப்போதைய விசையை வைத்தே அடுத்த படியைக் கணிக்கும் முறை) காரணம். படியின் முடிவில் இருக்கப்போகும் விசையை வைத்துக் கணிக்கும் மறைமுக முறைக்கு மாறுங்கள். பாராஃபும் விட்கினும் துணிக்கு அதை 1998இலேயே செய்துகாட்டிவிட்டார்கள்.

வடகரை: நேரடி ஆய்லரில் விறைப்பைக் கூட்டினால் கம்பி வெடித்துச் சிதறும், இப்படித் தொங்காது.

மூத்தோன்: 2008இல் வந்த பெர்கூ குழுவினரின் மீள்தண்டுக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கேட்டிருக்கலாம். துண்டுக்கு ஒரு சட்டகம், அதாவது அது எப்படித் திரும்பியிருக்கிறது என்று காட்டும் அச்சுகள், வேண்டும். முறுக்கைக் கணக்கிடாதவரை அது கம்பியே அல்ல.

வடகரை: வட்டமான நேர்க்கம்பி, மறுமுனை கட்டில்லாதது. இதில் முறுக்குக்கு வேலை இல்லை.

மூத்தோன்: ஒருமுறை மடித்துவிட்டால் அது நேர்க்கம்பியா? மடித்த நுனியைப் பக்கவாட்டில் இழுங்கள், மேசையோரத் துண்டு முறுக்கிக்கொள்ளும்.

வடகரை: அது உண்மை. ஆனால் இப்போதைய சிக்கல் தொங்குவது.

மின்மினி: மன்னிக்கவும். பி.பி.டி. (விசைக்குப் பதிலாகக் கணுக்களின் இடத்தையே கட்டுப்பாடுகளுக்கேற்பத் திருத்தும் முறை), 64 கணுக்கள், நொடிக்கு 60 படி, படிக்கு 10 திருத்தச் சுற்று. வளைவுக்கு ஒன்றுவிட்டு ஒரு கணுவை நீளக் கட்டுப்பாட்டால் இணைத்திருக்கிறேன்.

வடகரை: அங்கேதான் கோளாறு. 1 செ.மீ. துண்டுகள் இரண்டை 10 பாகை மடித்துப் பாருங்கள்: முனைகளுக்கிடையே 2 செ.மீ. இருந்தது 1.992 ஆகிறது, அவ்வளவுதான். சிறு வளைவு அந்தக் கட்டுப்பாட்டின் கண்ணிலேயே படாது. கோணத்தை நேரடியாக அளந்து திருத்துங்கள். பி.பி.டி.யில் விறைப்பு சுற்றுகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. 64 கணுவுக்கு 10 சுற்று போதாது. சுற்றைக் கூட்டுவதைவிட, ஒரு படியை 20 சிறுபடிகளாக உடைத்து, ஒவ்வொன்றிலும் ஒரே சுற்று ஓடவிடுங்கள்.

மின்மினி: கம்பி நீட்டி நிற்கிறது! ஆனால் வளைத்துக் கையை எடுத்ததும் நிமிர்ந்துவிடுகிறது.

வடகரை: இயல்புக் கோணம், அதாவது கையை எடுத்ததும் கம்பி திரும்பப் பார்க்கும் கோணம், சுழியிலேயே இருக்கிறது. வளைவு ஓர் எல்லையைத் தாண்டினால் மிகுதியை இயல்புக் கோணத்தில் சேர்த்துவிடுங்கள். செம்பு அப்படித்தான்: கொஞ்சம் மீளும், மீதி அப்படியே நிற்கும்.

மூத்தோன்: எந்தத் திசையில் வளைந்தது என்பதை எந்தச் சட்டகத்தில் வைப்பார்? முதலிலேயே சொன்னேன்.

வடகரை: முப்பரிமாணம் என்றால் சட்டகம் வேண்டும்தான். மின்மினி, உங்களுடையது எது?

மின்மினி: இருபரிமாணம். வளைந்து நிற்கிறது. நன்றி.