பழைய ஐ5 கொம்பியூட்டருக்கு வைஃபையும் ரெண்டாவது மொனிட்டரும்: என்ன வாங்கலாம்?

உவர்மலை_வாசி
வணக்கம். வீட்டில இருக்கிறது இன்டெல் ஐ5-4590, எச்81 மதர்போர்ட், 8 ஜிபி ரெம், வின்டோஸ் 10. தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை. பின்பக்கம் விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ மூண்டும் இருக்கு. 22 அங்குல மொனிட்டர் விஜிஏயில ஓடுது, அதில டிவிஐயும் இருக்கு. பக்கத்தில 24 அங்குலத்தில இன்னொண்டு வைக்க யோசிக்கிறன். ரெண்டாவது மொனிட்டருக்குக் கிராபிக்ஸ் கார்ட் கட்டாயம் எண்டு கடையில சொல்லுகினம். உண்மையா?
மற்றது, பைபர் ரவுட்டர் முன் விறாந்தையில, கொம்பியூட்டர் பின் அறையில. நடுவில ரெண்டு கல் சுவர். நிலத்தால போற நெட்வேர்க் வயரை எடுத்துவிட வேணும். யுஎஸ்பியில குத்துற டொங்கிள் நல்லதா, உள்ளுக்குப் பூட்டுற கார்டா?

கொட்டியாரக்குடா
கிராபிக்ஸ் கார்ட் வேண்டாம், காசை மிச்சம் பிடியுங்கோ. அந்த ப்ரொசசருக்குள்ள இருக்கிற எச்டி 4600 கிராபிக்ஸ் போதும். எச்81இல ஒரே நேரத்தில ரெண்டு திரைதான் ஓடும். மூண்டாவதுக்கு இடமில்லை, உங்களுக்குத் தேவையும் இல்லை.
பழைய மொனிட்டரை விஜிஏயில இருந்து டிவிஐக்கு மாத்துங்கோ, புதுசை எச்டிஎம்ஐயில குடுங்கோ. விஜிஏ அனலொக் எண்டபடியால், பக்கத்தில டிஜிட்டல் திரை வந்த உடனே விஜிஏ மொனிட்டரின்ர எழுத்து மங்கலாத் தெரியும். கேபிள் வாங்கேக்க கவனம்: டிவிஐ-டி (டிஜிட்டல் சிக்னல் மட்டும் வாற டிவிஐ) இல இருந்து எச்டிஎம்ஐக்கு சாதாரண கேபிளே வேலை செய்யும். டிவிஐ-டி இல இருந்து விஜிஏக்கு மலிவான அடப்டர் வேலை செய்யாது, அதில அனலொக் சிக்னலே இல்லை. அதுக்கு உள்ளுக்குச் சிப் இருக்கிற கன்வேர்ட்டர் வேணும்.
பூட்டின பிறகு வின்டோஸ் கீயோட பி அமத்தி, திரையை நீட்டுற தெரிவை எடுங்கோ. மவுஸ் பிழையான பக்கத்தால கடந்தா, டிஸ்ப்ளே செட்டிங்கில 1, 2 பெட்டிகளை மேசையில இருக்கிற ஒழுங்குக்கு இழுத்து விட்டாச் சரி.
பிறகு எப்பவாவது கிராபிக்ஸ் கார்ட் போட்டா, கனக்க போர்டுகளில மதர்போர்ட் பக்கப் போர்ட்டுகள் தானா நிண்டுபோகும். பயோசில (கொம்பியூட்டர் தொடங்கேக்க திறக்கிற செட்டிங் திரை) உள் கிராபிக்சை இயக்கி, மல்டி மொனிட்டர் தெரிவையும் திறக்கோணும்.

அலஸ்தோட்டத்தான்
வைஃபைக்கு உள்ளுக்குப் பூட்டுற கார்ட். சின்ன டொங்கிள் இரும்புப் பெட்டிக்குப் பின்னால, சுவரோரம் ஒளிஞ்சிருக்கும். அதோட யுஎஸ்பி 3 போர்ட் போடுற இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்சைக் குழப்பும். டொங்கிள்தான் வசதி எண்டா யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயரில மேசைக்கு மேல கொண்டுவாங்கோ.
கார்ட் எண்டா பிசிஐஇ எக்ஸ்1 (மதர்போர்டில இருக்கிற சின்னத் துளை) பலகையில இன்டெல் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 பூட்டி வாறதை எடுங்கோ. ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்211 எண்டு எழுதியிருந்தா தொடாதேங்கோ. இலக்கம் கிட்டக்கிட்ட இருந்தாலும் அதுக்குப் புதிய இன்டெல் ப்ரொசசரும் அதுக்கேத்த போர்டும் வேணும், 4ஆம் தலைமுறையில உயிரே வராது. வின்டோஸ் 64 பிட் எண்டும் பாத்துக்கொள்ளுங்கோ, 32 பிட்டுக்கு ட்ரைவர் இல்லை.
அந்தக் கார்டோட வாற மெல்லிய வயரை மதர்போர்டில 9 பின் யுஎஸ்பி தலையில குத்தோணும். வைஃபை பிசிஐஇயால போகுது, புளூடூத் யுஎஸ்பியால போகுது. இதை விட்டா வைஃபை ஓடும், புளூடூத் மட்டும் காணாது.
ட்ரைவர் இல்லாம இணையம் வராது, இணையம் இல்லாம ட்ரைவர் வராது எண்டு முழிக்க வேண்டாம். போனை யுஎஸ்பி வயரில குடுத்து டெதரிங் (போனின்ர இணையத்தைக் கொம்பியூட்டருக்குக் குடுக்கிற தெரிவு) போட்டா வின்டோஸ் தானே இறக்கும்.
ரெண்டு கல் சுவருக்குள்ளால 5 கிகாஹேர்ட்ஸ் நல்லா இளைச்சுத்தான் வரும். காந்த அடியோட, நீட்டு வயரோட வாற அன்ரெனாவா எடுத்து மேசைக்கு மேல வையுங்கோ. திருகுற முனை ஆர்பி-எஸ்எம்ஏ எண்ட வகையா இருக்கோணும். வெறும் எஸ்எம்ஏ முறுக்கினா ஏறும், ஆனா நடுவில ஊசியும் ஊசியும் முட்டும், ஒழுங்கா இணையாது. 2.4இலதான் ஓடவேண்டி வந்தா ரவுட்டரில 1, 6, 11 இல சனம் குறைஞ்ச சனலைப் போடுங்கோ.

உவர்மலை_வாசி
மிச்சம் நன்றி. சொன்னபடி ஏஎக்ஸ்210 கார்டும் மொனிட்டரும் பூட்டியாச்சு, 5 கிகாஹேர்ட்ஸ் பிடிக்குது. ஒரு சந்தேகம்: எச்டிஎம்ஐயில இருக்கிற புதுசில கறுப்பு வெளிறிச் சாம்பலாத் தெரியுது, டிவிஐ மொனிட்டரில வடிவா இருக்கு. மொனிட்டர் பழுதோ?

கொட்டியாரக்குடா
பழுதில்லை. எச்டிஎம்ஐ எண்ட உடனே இன்டெல் ட்ரைவர் அதை டிவி எண்டு நினைச்சு 16 தொடக்கம் 235 வரைக்கும்தான் நிறத்தை அனுப்பும். மொனிட்டர் 0 தொடக்கம் 255 வரை எதிர்பாக்கும். இன்டெல் கிராபிக்ஸ் கொன்ட்ரோல் பனலில டிஸ்ப்ளே, கலர், அட்வான்ஸ்ட் எண்டு போய் குவான்டைசேஷன் ரேஞ்சை 'Full' (முழு அளவு) ஆக்குங்கோ.

சல்லிக்கரை
பிந்தி வந்தாலும் ரெண்டு விசயம் சொல்லியே ஆகவேணும்.
எங்கட பக்கம் கடலுப்பு ஈரம், அதுக்கு மேல கச்சான் காத்துக் காலத்துத் தூசி. கனகாலம் வெறுமையா இருந்த பிசிஐஇ துளையில முனைகள் மங்கியிருக்கும். இடைக்கிடை கார்ட் காணாமப் போனா ட்ரைவரைக் குற்றம் சொல்ல முதல் பிளக்கைக் கழட்டி, பவர் பொத்தானை ஒருக்கா அமத்தி மிச்சக் கரண்டை வடியவிட்டு, கார்ட் விளிம்பை ஐசோப்ரொப்பைல் அற்ககோலில துடைச்சு ரெண்டு மூண்டு தரம் போட்டு எடுங்கோ. உரசலிலயே முனை துப்புரவாகும்.
அடுத்தது எர்த். பழைய வீடுகளில 5 அம்பியர் உருண்டைப் பிளக்கில எர்த் முனை வெறுமையா இருக்கிறது வழமை. அப்பிடியெண்டா கொம்பியூட்டர்ப் பெட்டி இரும்பைத் தொட சுரீர் எண்டும். பவர் சப்ளையின்ர வடிகட்டிக் கொண்டென்சராலதான் அது வருது. அந்த நிலையில எச்டிஎம்ஐ கேபிளைக் குத்தினா போர்ட் எரியச் சாத்தியம் இருக்கு. கொம்பியூட்டர், ரெண்டு மொனிட்டர் எல்லாம் எர்த் உள்ள ஒரே பிளக் பலகையில இருக்கட்டும். கேபிள் பூட்டேக்க எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ.
650 விஏ யுபிஎஸ் இருந்தா அது தாங்கும். 24 அங்குல எல்ஈடி மொனிட்டர் 25 வாட் அளவுதான் கூட எடுக்கும். பற்றரி நேரம் மட்டும் கொஞ்சம் குறையும்.
அந்த நெட்வேர்க் வயரையும் எறிஞ்சுபோடாதேங்கோ. கட் 5ஈ (Cat 5e) வகை வயர் எண்டா குழாய்க்குள்ள விட்டுச் சுவரோரம் கொண்டுபோனா வைஃபையை விட நிதானமான வேகம் வரும். ஐப்பசி இடிக்கு மட்டும் ரெண்டு பக்கமும் கழட்டி வையுங்கோ. பைபர் கண்ணாடி எண்டபடியால் மின்னலைக் கடத்தாது, ஆனா ரவுட்டர் அடப்டருக்குள்ளால வாறது இந்தச் செம்பு வயரில மதர்போர்ட் வரைக்கும் போகும்.