ரப்பர் விளைக்குள்ள (தோட்டத்துக்குள்ள) இருக்க வீடுகளுக்கு வயர்லெஸ் நெட், ஆள் சேருமா?

குலசேகரம்_பொடியன்:
அண்ணன்மாரே ஒரு யோசனை சொல்லுங்க. எங்க ஏரியா குமரி மாவட்டத்துல குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை போற பக்கம், வீடெல்லாம் தள்ளித் தள்ளி ரப்பர் விளைக்குள்ள கிடக்கு, ஒரு வீட்டுக்காக இவ்வளவு தூரம் பைபர் இழுத்தா கட்டாதுன்னு கேபிள்காரங்க வர மாட்டேங்காங்க. நானும் கூட்டாளியும் ஒரு ஐஎஸ்பிகிட்ட (நெட் விக்க லைசென்ஸ் உள்ள கம்பெனி) பார்ட்னரா சேர்ந்து, வைஃபை மாதிரி 5 கிகாஹெர்ட்ஸ் அலைல ஓடுற ரேடியோ வச்சு வீட்டுக்கு நெட் குடுக்கலாம்னு நினைக்கோம். போன்லயே 5ஜி வந்தாச்சே, இதுக்கு யாரு காசு குடுப்பா?

மார்த்தாண்டம்_நெட்:
குடுப்பாங்க தம்பி. எத்தன போன் இருக்குன்னு எண்ணாத, வெளிநாட்டுல ஆள் இருக்க வீட்ட எண்ணு. கல்ஃப்ல இருக்கவன் வேலை முடிஞ்சு ராத்திரி கூப்பிடும்போது பிள்ள முகம் நிக்காம தெரியணும், அவனுக்கு 30 எம்பிபிஎஸ்ஸே தாராளம், கட்டாகக் கூடாது அவ்வளவுதான். வீட்டுல இருந்து ஐடி வேலை பாக்க பிள்ளையளுக்கு அப்லோடு வேணும், போன் ஹாட்ஸ்பாட்ட நம்பி மீட்டிங்ல உக்கார முடியாதுல்லா. இன்னொண்ணு, எல்லாரும் ராத்திரி 7ல இருந்து 11க்குள்ளதான் வந்து விழுவாங்க, அந்த நேரத்துக்கு தாங்குற மாதிரி மொத்த வேகம் (பேண்ட்வித்) எடு, பகல்ல சோதிச்சுட்டு போதும்னு விட்டுராத.

தக்கலை_ஆன்டெனா:
ஆள் எல்லாம் சேரும், நிக்குமாங்கதுதான் கேள்வி. சர்வே எப்ப எடுக்கப் போற? ரப்பர் மரம் டிசம்பர் ஜனவரில இலை உதிர்த்து மொட்டையா நிக்கும், அப்ப ரேடியோ வச்சுப் பாத்தா சிக்னல் அருமையா கிடைக்கும், நீயும் நம்பி கனெக்‌ஷன் குடுத்துருவ, மார்ச்ல புதுஇலை வந்து அடைச்ச உடனே லிங்க் படுத்துரும். இலைல இருக்க தண்ணி 5 கிகாஹெர்ட்ஸ் அலைய அப்படியே உறிஞ்சிரும், அதுலயும் நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. ஆன்டெனா மரத்துக்கு மேல நிக்கணும், அனுப்புற ஆன்டெனாவ நேரா பாக்கணும், குறுக்க ஒண்ணும் இருக்கக் கூடாது. அதனால ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பம் செலவு எவ்வளவு வருதுன்னு மொதல்ல பாரு, லாபம் அதுல தான் இருக்கு.

குலசேகரம்_பொடியன்:
இலை விஷயம் யோசிக்கவே இல்லண்ணே. போன் கம்பெனிக்காரங்க வச்சிருக்க 700 மெகாஹெர்ட்ஸ் அலைனா மரத்த தாண்டி வருமாமே?

தக்கலை_ஆன்டெனா:
வரும், ஆனா அது அரசுகிட்ட இருந்து அலை கிடைச்ச கம்பெனிக்குதான், அதுலயும் அலையோட அகலம் குறைவு, ஒரே டவர்ல நெறைய வீடு தொங்குனா வேகம் இறங்கிரும். உனக்கு 5 கிகாஹெர்ட்ஸ்தான், 2018ல இருந்தே அலைக்கு லைசென்ஸ் தேவையில்ல, நெட் விக்கதுக்குதான் ஐஎஸ்பி லைசென்ஸ். மேட்டுல ஒரு வீட்டுக்காரர்கிட்ட பேசி அங்க இருந்து நாலு பக்கமும் குடு, பள்ளத்து வீடுகள பைபருக்கு விட்டுரு. கம்பத்துக்கு எர்த் கண்டிப்பா போடு, ஐப்பசி இடிக்கு ரேடியோ தாங்காது.