சின்னு ஆபரேஷன்: ஆச்சி வீட்டுக் குழு

சின்னு அப்பா: எலும்பு எளிதில் ஒடியும் பிறவி நோய்தானே சின்னுவுக்கு, அதற்காக வரும் வியாழன் வேலூரில் வலது தொடையில் ஆபரேஷன். ஓ பாசிட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் கேட்டிருக்கிறார்கள். யாரெல்லாம் வர முடியும்?

சித்தப்பா: நான் வருகிறேன் அண்ணே.

மதுரை மாமா: நானும். பிபி மாத்திரை போடுகிறேன், எடுப்பார்களா?

பெரிய அத்தை: போன மாதம்தானே மாவுக்கட்டு பிரித்தார்கள்? திரும்பக் கட்டே போட்டால் ஆகாதா?

ஆச்சி: எனக்கும் அதே பயம்தான். அஞ்சு வயசுப் பிள்ளை.

சின்னு அம்மா: கட்டுப் போட்டால் எலும்பு கூடத்தான் செய்யும் மதினி, ஆனால் வளைந்து கூடுகிறது, அந்த வளைவில் பாரம் விழுந்து அங்கேயே திரும்ப ஒடிகிறது. இரண்டு வருடத்தில் இதே தொடை மூன்று தடவை. அதனால் எலும்பை இரண்டு மூன்று இடத்தில் வெட்டி, நேராக்கி, உள்ளே கம்பியில் மணி கோர்ப்பது போலக் கோர்த்துவிடுவார்கள். கோர்க்கும் முறை 1959இலேயே வந்துவிட்டது, அப்போது வெறும் கம்பி, பிள்ளை வளர்ந்தால் கம்பி பத்தாமல் போய்விடும். இப்போது வைப்பது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு குழாய், பழைய ரேடியோ ஏரியல் மாதிரி. ஒரு முனை இடுப்புப் பக்கம், இன்னொரு முனை முட்டிப் பக்கம் பிடித்திருக்கும், கால் வளர வளர அதுவும் நீளும். கனடாவில் மான்ட்ரியலில் உருவானது, ஃபாசியே டுவால் கம்பி என்று பெயர்.

சித்தப்பா: எனக்கு வைத்த மாதிரி பிளேட் வைக்க மாட்டார்களா மதினி? பைக்கில் விழுந்தபோது

மதுரை மாமா: பைக் கதை வேண்டாம் மாப்பிள்ளை 🙏

சின்னு அம்மா: பிளேட் முடிகிற இடத்தில் இவளுக்கு எலும்பு ஒடிந்துவிடும். கம்பி என்றால் எலும்பு முழுக்க உள்ளிருந்து தாங்கும்.

பெரிய அத்தை: பிரண்டைத் துவையல் கொடுக்கிறாயா?

சின்னு அம்மா: சாப்பிடுகிறாள். ஆனால் குறை சுண்ணாம்புச் சத்தில் இல்லை மதினி, எலும்புக்கு நார் போல இருக்கிற கொலாஜன் பிறவியிலேயே சரியாக அமையவில்லை. கண்ணின் வெள்ளை நீலம் பாய்ந்து இருப்பதும் அதனால்தான். டிரிப் மருந்து எலும்பு கரைவதைக் குறைக்கும், ஒவ்வொரு தடவை ஏற்றும்போதும் எக்ஸ்ரேயில் முட்டி பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு விழுகிறது. சின்னு விரல் வைத்து எண்ணுகிறாள், ஏழு ஊசிக் கோடு என்கிறாள்.

மதுரை மாமா: என் தங்கம்.

பெரிய அத்தை: அப்போ ஆவணியில் காதுகுத்து?

சின்னு அப்பா: அதை அப்புறம் பேசலாம் அக்கா.

பெரிய அத்தை: மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாச்சே.

ஆச்சி: காதுகுத்து கிடக்கட்டும். தாயி, அன்னைக்கு எலும்பு ஒடிஞ்சப்போ, நீ பிள்ளையைக் கீழே போட்டுட்டேன்னு நான் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே.

சின்னு அம்மா: டயபர் மாற்ற இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கினேன் அத்தை. அவ்வளவுதான் செய்தேன். கீழே போடவில்லை.

ஆச்சி: தெரியும்மா.

சித்தப்பா: நடப்பாளா மதினி?

சின்னு அம்மா: சில வாரம் கட்டு, பிறகு நிற்கப் பழக்குவார்கள், பிசியோ நிறைய வேண்டும். இது நோயைக் குணமாக்காது, ஒடிவது குறையும், கால் நேராக இருக்கும். சில வருடம் கழித்து கம்பி வளைந்தால் மாற்ற வேண்டி வரலாம். வருகிறவர்கள் ஒன்று மட்டும் கேளுங்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்க வேண்டாம். ஒரு கை முதுகுக்கும் தோளுக்கும், ஒரு கை புட்டத்துக்கு அடியில், விரலை விரித்து. எப்படித் தூக்கவேண்டும் என்று அவளே சொல்வாள், அவள் சொல்வதைக் கேளுங்கள்.

மதுரை மாமா: காட்பாடிக்கு நான் கார் எடுத்து வருகிறேன். ராத்திரி யார் தங்குவது?

சித்தப்பா: எனக்கு வெள்ளி ஷிஃப்ட். மாற்றிப் பார்க்கிறேன்.

ஆச்சி: எனக்கும் டிக்கெட் போடு.

சின்னு அப்பா: உங்களுக்கு முட்டி வலிக்குமே அம்மா.

ஆச்சி: கீழ் பெர்த் போடு.

சின்னு அப்பா: பார்க்கிறேன்.