புதுப்பிப்பு: மூணாறு மரவீடு, மீசப்புலிமலை போய் வந்தாச்சு

டிசம்பர் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் மூணாறுக்குக் கூட்டிப்போகலாமா, மரவீடு சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

மரவீடு அருமை! அடிமரம் அறைக்கு நடுவே தரையைத் துளைத்துக்கொண்டு மேலே போகிறது. சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் பலகை அறைந்திருக்கிறார்கள். மரம் காற்றில் ஆடவும் பருக்கவும் இடம் வேண்டுமே. ராத்திரி அந்த இடுக்கு வழியாகக் குளிர் ஏறும், கனமான ஸ்வெட்டர் கட்டாயம். ஏணி செங்குத்து. முட்டிவலி உள்ள அம்மா கீழ் அறையில்தான் தங்கினார். பெரியவர்களோடு போனால் அப்படி ஓர் அறையை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.

மீசப்புலிமலை 2,640 மீட்டர். 164 மீட்டர்கூட இல்லாத நம்ம சிங்கப்பூர் புக்கிட் தீமா குன்றில் பழகிய கால்கள், நன்றாகவே மூச்சு வாங்கியது. கேரள வன வளர்ச்சிக் கழகத்தில் முன்பதிவு செய்துவிட்டு, வழிகாட்டியோடு ஏற வேண்டும். புல்வெளியும் சோலைக்காடும் மாறி மாறி வரும் அந்த வழிக்காகவே இன்னொரு முறை போவேன்.

அப்புறம், ஜூன் விடுமுறை பற்றிக் கேட்டவருக்கு: வேண்டாம். தென்மேற்குப் பருவமழை, அட்டைக்கடி, மண்சரிவு பயம். வரையாடு பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போவதாக இருந்தால் பிப்ரவரி, மார்ச்சையும் தவிருங்கள். குட்டி ஈனும் காலம் என்று பூங்காவை மூடிவிடுவார்கள்.