சூப்பர்சார்ஜர், டர்போசார்ஜர்: "ஊட்டி" வேண்டாமே, "துருத்தி" ஆகாதா?

அன்புள்ள குழுவினருக்கு,

பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் (1989இல் வந்த 1.6 லிட்டர் வண்டி) குறைந்த செலவில் டர்போ பொருத்துவது பற்றிய கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும் கருவிகளான சூப்பர்சார்ஜர், டர்போசார்ஜர் (சுருக்கமாக டர்போ) இரண்டுக்கும் போன வாரம் தமிழ்ச் சொல் கேட்டிருந்தேன். வந்தவை மூன்று.

> மிகையூட்டி, சுழல் மிகையூட்டி

இலக்கணம் சரிதான். வரைவைப் படித்த என் தங்கை, "மிகையூட்டிக்குப் பக்கத்தில்தான் குன்னூரா?" என்றாள். அதுகூடப் போகட்டும், எதை ஊட்டுகிறது என்றே சொல் சொல்லவில்லை.

> மீயேற்றி

சார்ஜர் என்றதும் கை போன் பக்கம் போகிறது. இங்கே சார்ஜ் என்பது சிலிண்டருக்குள் ஒவ்வொரு முறையும் போய் விழும் காற்றும் பெட்ரோலும்.

> திறன்பெருக்கி

இதுதான் மோசம். இந்தக் கருவி காற்றை அமுக்கித் திணிக்கிறது, அவ்வளவே. அந்தக் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோலை நாம்தான் கொடுக்க வேண்டும். சிக்கனமாகச் செய்ய நினைப்பவர்கள் வழுக்கி விழுவதும் இங்கேதான். காயலான் கடையில் டர்போ மலிவாகக் கிடைத்துவிடும். பெரிய இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சுவது), ஈசியூ (எஞ்சினை ஆளும் கணினி), இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விப்பது) என்று பணம் போவது அதற்கப்புறம். அந்த எஞ்சினின் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது) ஏற்கெனவே 9.4. அதன்மேல் 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டு) அழுத்தம் ஏற்றிவிட்டுப் பெட்ரோலைக் கூட்டாவிட்டால் நாக்கிங் (கலவை தானாக வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்டன் போய்விடும். "திறன்பெருக்கி வாங்கியாச்சு, திறன் பெருகும்" என்று ஒருவர் நம்பினால் தப்பு நம் சொல் மேல்.

என் பரிந்துரை: துருத்தி. கொல்லன் உலையில் துருத்தி காற்றை மட்டும்தான் தரும், கரியை ஆள்தான் போட வேண்டும். எஞ்சினிலும் அதே கதை.

சூப்பர்சார்ஜர்: வார்த்துருத்தி. எஞ்சினின் முதன்மைத் தண்டான கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் சுற்றுகிறது.
டர்போசார்ஜர்: புகைத்துருத்தி. வெளியே போகும் புகை சுற்றுகிறது, நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேலே.

முதலில் டர்போவையே "டர்போசூப்பர்சார்ஜர்" என்றுதான் அழைத்தார்கள். ஆக இரண்டும் ஒரே குடும்பம். துருத்தி பொது, முன்னொட்டு யார் சுற்றுவது என்று சொல்கிறது.

---

ஐயா, வணக்கம். பழைய விமான எஞ்சின்களில் சூப்பர்சார்ஜரைப் பல்சக்கரம் சுற்றும். அங்கே வார் ஏது? "தண்டுத்துருத்தி" பொருந்துமா?

---

பொருந்தும் அம்மா, ஏற்கிறேன். பெல்ட்டோ பல்சக்கரமோ, சக்தி வருவது தண்டிலிருந்துதான். எஞ்சினின் உழைப்பில் ஒரு பங்கை அது தின்பதும் சொல்லிலேயே தெரிகிறது. மினி கூப்பர் எஸ் காரிலிருந்து கழற்றிய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் பற்றிய அத்தியாயத்தை இன்றிரவே மாற்றிவிடுகிறேன்.

---

அண்ணே, பட்டறையில் வந்து புகைத்துருத்தி போச்சு என்றால் பையன்கள் சிரிப்பார்கள். டர்போ என்று எல்லாருக்கும் தெரியுமே?

---

தம்பி சொல்வது நியாயம். தலைப்பிலும் படத்திலும் டர்போவே இருக்கட்டும். வேலை எப்படி நடக்கிறது என்று விளக்கும் பத்தியில் மட்டும் துருத்தி.

இன்னும் ஒன்று பாக்கி: வேஸ்ட்கேட். அழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் மிஞ்சிய புகையை டர்போவின் சுழலிக்கு (புகை சுற்றும் சக்கரம்) போகவிடாமல் பக்கவழியில் திருப்பும் கதவு. "புகைமடை" என்று எழுதி அடித்துவிட்டேன். மடையை ஆள் போய்த் திறக்க வேண்டும். ஏரி நிரம்பியதும் யாரையும் கேட்காமல் வழிவது கலிங்கு. "புகைக்கலிங்கு" என்று போட்டிருக்கிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் காலை அச்சுக்குப் போகிறது.